இடையில் வரைந்த முகம்

கேமரா வாங்கியவன் எவனும் அதனுடன் வரும் புத்தகத்தைப் படிப்பதில்லை. நேரே என்னிடம் வந்து நிற்பான். விநாடிக்கு எத்தனை படம் என்பதற்கு இருபத்தைந்து, முப்பது, ஐம்பது, நூறு என்று போட்டிருக்கிறதே, எதில் வைப்பது என்பான். நம் ஊர்க் கரண்டுக்கு இருபத்தைந்துதான் ஒத்துவரும், முப்பதில் வைத்தால் டியூப் லைட் படத்தில் கண் சிமிட்டும் என்று சொல்லி அனுப்புவேன். ஏன் என்று கேட்க ஒருவனுக்கும் பொறுமை கிடையாது. கடைசிவரை உட்கார்ந்து கேட்டவன் உமாநாத் ஒருவன்தான். அவனிடம் கேமராவே இல்லை.

மூடபித்ரியில் பாக்கு மண்டிக்கு மேல்மாடியில் என் ஸ்டுடியோ. ஹிலரி லோபோ என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். அன்று மத்தியானம் ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தேங்காய்ப்பால் தேய்க்கும் சடங்கு வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தேன். உமாநாத் வாசலில் வந்து நின்றான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஆள் பாதியாகிவிட்டிருந்தான்.

உமாநாத் கம்பளம் என்கிற எருமைப் பந்தயத்தில் கடா பிடிக்கிறவன். சேற்றுப் பாதையில் எருமைக் கடா ஜோடி பாய்ந்து வரும், அதன் பின்னால் ஓட்டக்காரன் பறந்து வருவான். பாதை முடிகிற மேட்டில் கடாக்கள் ஏறியதும், பக்கத்திலிருந்து பாய்ந்து கயிற்றைப் பிடித்து நிறுத்துவது இவன் வேலை. அதற்கு முன்னால் அதே கடாக்களுக்கு இவனே ஓட்டக்காரன். கடாக்களுக்குச் சொந்தக்காரர்களான பெரிய வீட்டில் திடீரென்று இவனை மாற்றிவிட்டு, இவனுடைய சிநேகிதன் சந்திரஹாசனை ஓடவிட்டார்கள். சந்து என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவன் ஓடிய முதல் கம்பளத்திலேயே முதலாவதாக வந்தான். வந்தவன் மேட்டில் கால் தடுமாறி, கரையிலிருந்த செம்பாறாங்கல்லில் தலை மோதி விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மேட்டுக்கு எதிரே பரண்மேல் நின்று நான்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். மைதானத்தில் வைத்த பெரிய திரைக்கு நேரடியாகப் போகிற படம், அதனால் இருபத்தைந்தில் வைத்திருந்தேன். எல்லோரும் விபத்து என்றார்கள். போலீஸும் அப்படியே எழுதி மூடியது.

பிறகு யூடியூப்பில் சேனல் வைத்திருக்கும் ஒரு புண்ணியவான் என் படத்திலிருந்து அந்த ஒரு துண்டை எடுத்தான். அதை மெதுவாக ஓடவைத்து, பின்னால் அழுகிற மாதிரி ஒரு ஷெனாயையும் சேர்த்துப் போட்டான். அதில் உமாநாத்தின் கை கயிற்றைத் தாண்டிப் போகிறது. சந்துவின் நெஞ்சில் பதிகிறது. சந்து முகத்தைத் திருப்பி இவனைப் பார்க்கிறான், வாய் திறக்கிறது, அப்படியே சாய்கிறான். ஜில்லா முழுக்கப் பார்த்தது. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான். ஓட்டக்காரன் இடம் போன வயிற்றெரிச்சல், தள்ளிவிட்டான் என்றார்கள்.

சந்துவின் அம்மா கிரிஜக்கா பீடி சுற்றிப் பிள்ளையை வளர்த்தவள். அவள் போலீஸுக்குப் போகவில்லை, ஜுமாதி தெய்வத்திடம் போனாள். வருகிற கோலத் திருவிழாவில், தெய்வம் ஒரு மனிதன்மேல் இறங்கி ஆடி நிற்கும்போது, உமாநாத் அதன் வாளைத் தொட்டு, “என் கை சந்துமேல் படவில்லை” என்று சொல்ல வேண்டும். ஜுமாதி முன்னால் பொய் சொன்ன வீட்டில் அப்புறம் விளக்கேற்ற ஆள் இருக்காது என்பார்கள். நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை, சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் ஜுமாதி இருக்கிற தோப்பைத் தாண்டும்போது ஸ்கூட்டர் ஹார்ன் அடிக்க மாட்டேன்.

“ஹிலரியண்ணே, நான் அவனைத் தள்ளினேனா?” என்று கேட்டான் உமாநாத்.

“அதை என்னைக் கேக்குறியா மாராயா? கை உன்னுது.”

“எனக்குக் கயிறு மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு. அந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்து இப்போ கைக்கே தெரியுது. அவன் நெஞ்சுச் சேறு உள்ளங்கையில வழுக்குது. கழுவினாலும் போகல.”

உள்ளங்கையை என்னிடம் நீட்டினான். சுத்தமாகத்தான் இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சேனல்காரன் எதிரே இருந்திருந்தால் அறைந்திருப்பேன். உமாநாத்தை இழுத்து உட்காரவைத்து, என் மூலப் படத்தைத் திறந்தேன்.

ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம், அவ்வளவுதான் இந்தக் கேமரா எடுத்தது என்றேன். வரிசையாக ஓட்டினால் கண் அதை அசைவு என்று நம்பிவிடும். மெதுவாகக் காட்ட வேண்டுமென்றால் எடுக்கும்போதே நூறாக எடுக்க வேண்டும். எடுத்த நூறை நிதானமாக நான்கு விநாடிக்குப் பரப்பினால், அதில் வருவதெல்லாம் நடந்தது. இருபத்தைந்தாக எடுத்ததை நான்கு விநாடிக்கு இழுத்தால் ஒவ்வொரு இரண்டு படத்துக்கும் நடுவே மூன்று படம் குறையும். அந்த மூன்றைக் கம்ப்யூட்டர் தானே வரைந்துகொள்ளும். பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு மீதியைத் தானே சேர்த்துச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி என்றேன். அவன் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு படமாக நகர்த்திக் காட்டினேன். ஒன்றில், உமாநாத்தின் வலது கை கயிற்றை நோக்கி நீண்டிருக்கிறது. விரலுக்கும் சந்துவின் நெஞ்சுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அடுத்ததில் சந்து ஏற்கெனவே சாயத் தொடங்கிவிட்டான், தலை கவிழ்ந்து உச்சந்தலைதான் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. அந்த ஓட்டத்தில் மனுஷன் கண்ணிமைக்குமுன் ஒரு முழம் போய்விடுவான். கையையும் நெஞ்சையும் ஒட்டவைத்தது கம்ப்யூட்டர்.

உமாநாத் அந்த இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“அப்போ நடுவுல என்ன நடந்துச்சு?”

“தெரியாது. அதை யாரும் எடுக்கல.”

அவனுக்கு அது போதவில்லை. வாயால் சொன்னால் ஆறாது என்று புரிந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு அவனைப் பின்பக்கத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். பாக்கு மரத்தில் ஒரு கயிற்றைக் கட்டினேன். குலை வெட்டிப்போட்ட வாழைத்தண்டு ஒன்றைச் சந்து நின்ற இடத்தில் குழி தோண்டி நட்டேன். மேட்டில் எப்படிப் பாய்வாயோ அப்படிப் பாய்ந்து கயிற்றைப் பிடி என்றேன். முதலில் இருபத்தைந்தில் எடுத்தேன். திண்ணமாகத் தெரியும், அவன் வலது கை வாழைத்தண்டின் பக்கமே போகவில்லை. அதை லேப்டாப்பில் போட்டு மெதுவாக்கியதும், விரல்கள் நீண்டு வாழைத்தண்டுக்குள்ளேயே போய் வெளியே வந்தன. உமாநாத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எத்தனை மாதத்துக்குப் பிறகு சிரித்தானோ, அழுகையும் கூடவே வந்துவிட்டது.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கெட்டிக்காரத்தனம் யாரை விட்டது? உண்மையான மெதுவோட்டம் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிடு என்று கேமராவை நூறுக்கு மாற்றினேன். மறுபடி பாய்ந்தான். போட்டுப் பார்த்தோம்.

வலது கை சுத்தமாகக் கயிற்றுக்குப் போனது. அது போகும்போதே, உடம்பு நிலைகொள்வதற்காக இடது கை பின்னால் வீசியது. முழங்கை வாழைத்தண்டில் இடித்தது. தண்டு லேசாக அதிர்ந்தது.

அவன் தன் முழங்கையைத் தடவிப் பார்த்தான். வாழைச்சாறு பிசுபிசுத்தது. இடித்ததே தெரியவில்லை என்றான். இன்னொரு தடவை எடுக்கச் சொன்னான். இந்தத் தடவை கையை ஒடுக்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தே பாய்ந்தானாம். அப்போதும் முழங்கை போனது. மறுபடி, மறுபடி பாய்ந்தான். ஒவ்வொரு முறையும் அது அவனைக் கேட்காமலே பின்னால் போய் இடித்தது. தானாக நடப்பதை அவனால் நிறுத்தவே முடியவில்லை. பட்டப்பகல், தோட்டத்தில் குயில் கூவிக்கொண்டிருந்தது.

அறைக்கு ஓடிப்போய் மூலப் படத்தை மீண்டும் பார்த்தேன். அவன் இடது கையை அவன் உடம்பே மறைத்திருந்தது. பட்டது என்றும் சொல்ல முடியாது, படவில்லை என்றும் சொல்ல முடியாது.

தோட்டத்தில் எடுத்ததையெல்லாம் அவன் கண் முன்னாலேயே அழித்தேன். “நீ தெரிஞ்சு செய்யல. இது யாருக்கும் தெரியாது. பேசாம போய் சத்தியம் பண்ணு.”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே அண்ணே,” என்றான்.

கோலம்வரை காத்திருக்கவும் அவனால் முடியவில்லை. நேரே கிரிஜக்கா வீட்டுக்குப் புறப்பட்டான். தனியாக அனுப்ப மனமில்லாமல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

அவள் வராந்தாவில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் வெல்லமும் தண்ணீரும் கொடுத்தாள். உமாநாத் முற்றத்திலேயே நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். முழங்கை பட்டிருக்கும் என்றான். அதனால் தெய்வத்துக்கு முன்னால் படவில்லை என்று சொல்ல முடியாது என்றான். அவள் கை நிற்கவேயில்லை. சுற்றிய பீடியின் முனையை நகத்தால் மடக்கினாள்.

“தெரிஞ்சு செஞ்சியா?”

“இல்லம்மா.”

“பட்டுச்சா படலையான்னு எனக்கென்ன. போனவன் போயிட்டான்,” என்றாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள். “அவன் ஏன் உன்னை அப்படித் திரும்பிப் பார்த்தான்? தள்ளினது நீதான்னு தெரிஞ்சுக்கிட்டே செத்தான்ல. கூட்டாளியே கொன்னுட்டான்னு நினைச்சுக்கிட்டுப் போனான்ல. அதான்டா எனக்குத் தாங்கல.”

அவளுக்கு வேண்டியிருந்தது அந்தச் சத்தியமே இல்லை. மகன் எதை நினைத்துப் போனான் என்பதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. உமாநாத் தலையைத் தூக்கவில்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இந்தக் கேள்விக்காவது என்னிடம் பதில் இருக்கிறது. லேப்டாப்பைத் திறந்து அவள் மடியிலேயே வைத்து, அந்த இரண்டு படங்களையும் காட்டினேன். முதல் படத்தில் சந்து நேர் முன்னால் பார்க்கிறான், பல் அத்தனையும் தெரிகிறது. அடுத்ததில் முகமே இல்லை. அவன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் விரலால் திரையில் அவன் பல்லைத் தொட்டாள். புகையிலைத் தூள் ஒட்டியது.

“சிரிக்கிறான்.”

“ஜெயிச்சது தெரிஞ்சிருக்கு அக்கா. அதுதான் அவன் கடைசியாத் தெரிஞ்சுக்கிட்டது.”

“அப்போ அந்தத் திரும்பின முகம்?”

“அது சந்து இல்ல. மெஷின் வரைஞ்சது. அப்படி ஒரு முகம் எங்கேயும் இருந்ததே இல்ல.”

மருந்து கொடுத்த வைத்தியன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெயில் முற்றத்தைவிட்டு வேலிக்குப் போயிருந்தது. பிறகு, சமையலறைப் பக்கம் பார்த்தபடி, சின்னக் குரலில் சொன்னாள். அந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து விளக்கேற்றும் நேரத்தில் சந்து வருகிறானாம். சமையலறை வாசலில் நிற்பானாம். இப்படிச் சிரிக்கிற முகம் இல்லை, அந்தத் திரும்பின முகம். வாயைத் திறந்தபடியே நிற்குமாம். பிள்ளைக்குப் பசி என்று தினமும் இலை போட்டு, புழுங்கலரிசிச் சோறும் கருவாட்டுத் துவையலும் வைக்கிறாளாம்.

“அது சந்து இல்லன்னா, இத்தனை நாளா நான் யாருக்குத் தம்பி சோறு போடுறேன்?”

கேமரா பற்றி எவன் எது கேட்டாலும் எனக்குப் பதில் தெரியும். லேப்டாப்பை அவள் மடியிலிருந்து எடுத்து மூடினேன். பயமாக இருந்தது, அதை மறைக்கவும் வரவில்லை. உமாநாத் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் எழுந்தாள். ஜுமாதியிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், அவன் வாளைத் தொட வேண்டாம் என்றும் உமாநாத்திடம் சொன்னாள். கிணற்றடி வாழையில் இலை அறுத்துக் கழுவினாள். விளக்கை ஏற்றிவிட்டு, சமையலறையில் தரையைத் துடைத்து ஓர் இலை போட்டாள். சற்று நின்று யோசித்துவிட்டு, பக்கத்தில் இன்னொன்றும் போட்டாள்.

“ஒண்ணு நான் பெத்ததுக்கு,” என்றாள். “இது யாரு பெத்ததோ. அதுக்கும் பசிக்கும்ல.”

இரண்டு இலையிலும் சோறு வைத்தாள். அவர்கள் சாப்பிடுவதை நாம் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். உமாநாத்தைப் பார்த்து, மேலே வந்து உட்கார் என்றாள். மூன்று பேரும் வராந்தாவில் உட்கார்ந்து காத்திருந்தோம்.