ஆறுச்சாமி எழுதிய இங்கிலீஷ்

பரீட்சைக்கு இன்னும் மூன்றே நாள். ஆறுச்சாமி விடியற்காலையில் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எங்கே வலிக்கிறது?" என்பதை இங்கிலீஷில் பதினோராவது தடவையாகத் தப்பாகச் சொன்னான்.

"இன்னொருக்காச் சொல்லுங்க மாமா. மெதுவா" என்றாள் பூவாத்தாள்.

"மெதுவாத்தான் புள்ள சொல்றேன். இன்னும் மெதுவாச் சொன்னா அந்த நோயாளி செத்தே போயிருவா."

பூவாத்தாள் பம்பு ஸ்டவ்வை இன்னும் நாலு அடி அடித்தாள். ஸ்டவ் புஸ்ஸென்று இரைந்தது. டீ கொதித்து இறக்கி அரைமணி நேரம் ஆகிவிட்டது, ஆனால் ஸ்டவ்வை அணைக்க முடியாது. லைன் வீடு. ஒரே சுவர், அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நூறாயுசு சொல்லலாம். பெண்டாட்டியிடம் பாடம் படிக்கிறான் என்று வெளியே தெரிந்தால் அப்புறம் ஊருக்குள் தலைகாட்ட மாட்டேன் என்று முதல் நாளே ஆறுச்சாமி சொல்லிவிட்டான். அதனால்தான் இந்த ஸ்டவ் இரைச்சலும், அதற்கடியில் அவளுடைய கிசுகிசுப்பும்.

வெளியே யாராவது கேட்டால் ஊத்துக்குளி ரோட்டில் சாமியப்பன் என்று ஒரு டியூஷன் வாத்தியார் சொல்லித் தருகிறார் என்பான். அப்படி ஒரு வாத்தியார் பூலோகத்திலேயே கிடையாது. இருந்தாலும் வேன் டிரைவர் தங்கவேலு துருவித் துருவிக் கேட்டதில், அந்த இல்லாத மனிதருக்கு மூட்டுவலியும் மூன்று பெண் குழந்தைகளும் வந்து சேர்ந்துவிட்டன. ஒரு பொய் சொன்னால் குடும்பமே நடத்த வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனி முதலாளிகள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு தர்ம பிரசவ ஆஸ்பத்திரி நடத்தினார்கள். அதற்கு ஒரு பழைய வேன். முடியாத கேஸ்களை ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். முன்னால் தங்கவேலு, பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து போவது ஆறுச்சாமி. ஸ்ட்ரெச்சர் தூக்க, நாடி பார்க்க, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க. அதற்கு முன் பனியன் கம்பெனி பேக்கிங்கில் இருந்தவன், மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தான். கோபம் அவனுக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். இந்த வேலைக்கு வந்த மூன்று வருஷத்தில் அந்தக் கோபமே பாதி அடங்கியிருந்தது. அவன் வெள்ளைச் சட்டை போட்டுத் தெருவில் நடந்தால் பெரியவர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த மரியாதை யாருக்குத்தான் கசக்கும்?

எல்லாம் தை மாசம் வரைக்கும். தை மாசம் பெருமாநல்லூர்ப் பெண் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், "கடைசி ஊசி எப்போது போட்டது?" என்று கேட்டார். சீட்டு ஆறுச்சாமி கையில்தான் இருந்தது. எந்த நேரத்தில் என்ன மருந்து என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. படிக்கத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. படிப்பதுபோல் சீட்டைப் பார்த்துவிட்டு, "கிளம்பறப்பத்தானுங்க, ஒரு மணி நேரம் இருக்குமுங்க" என்றான். ஊசி போட்டு இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த ஊசியைத் தள்ளிப் போட்டார்கள். அந்தப் பெண்ணுக்குக் கைகால் சில்லிட்டுப் போன பிறகு ஒரு நர்ஸ் சீட்டைப் பிடுங்கிப் படித்தாள். பிழைத்தது தெய்வச் செயல்.

அதற்குப் பிறகுதான் முதலாளிகளின் கமிட்டி கூடியது. வேனில் போகிற ஆள் எட்டாவது பாஸ் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் டாக்டர் ஜானகியம்மாள் வைக்கும் பரீட்சையில் இங்கிலீஷ், கணக்கு ஒவ்வொன்றிலும் நாற்பது மார்க்கு எடுக்க வேண்டும். மூன்று மாசம் கெடு. கமிட்டிச் செயலாளர் மயில்சாமியின் அக்காள் மகன் எட்டாவது சர்ட்டிபிகேட்டோடு தயாராக இருந்தான். கெடு முடிகிற நாளை மாமனும் மருமகனும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"சீட்டைப் படிங்க" என்று பூவாத்தாள் நோட்டை நீட்டினாள். நிஜச் சீட்டு மாதிரியே எழுதியிருந்தாள். ஆறுச்சாமி திக்கித் திணறி இரண்டு வரி போனான். மூன்றாவது வரியில் நின்றான்.

"இந்த வரிதானுங்க முக்கியம். அன்னிக்கும் இந்த வரிதான்..." என்றாள் அவள்.

நோட்டு பறந்து போய்ச் சுவரில் அடித்தது. "எனக்குத் தெரியாதா? நீ வேற சொல்லிக் காட்டோணுமா? கண்ணை மூடுனா அந்தப் புள்ளையோட கைதான் வருது. ஐஸ் மாதிரி இருந்துச்சு புள்ள, ஐஸ் மாதிரி!"

பூவாத்தாள் எழுந்து போய் நோட்டை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். அவள் பெருமாநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது பாஸ். கல்யாணப் பேச்சில் யாரோ சொன்னார்கள். சீர்வரிசைப் பேச்சில் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"மூணாவது வரி" என்றாள்.

பரீட்சை டாக்டரம்மாவின் அறையிலேயே நடந்தது. கணக்கு முதலில். பத்து நாற்பதுக்கு ஊசி போட்டார்கள், ஒன்று இருபத்தைந்துக்குக் கோயமுத்தூர் சேர்ந்தார்கள், இடையில் எத்தனை நிமிஷம்? ஆறுச்சாமிக்குப் பத்துப் பத்தாக எண்ண வராது. பேக்கிங்கில் இருந்தவனுக்கு டஜன்தான் கணக்கு. ஒரு மணி நேரம் என்றால் ஐந்து டஜன். விரல் மடக்கிப் பதின்மூன்று டஜனும் ஒன்பதும் என்று போட்டு, நூற்று அறுபத்தைந்து என்று எழுதினான். டாக்டரம்மா தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "நாடியையும் டஜனில்தான் எண்ணுவாயா?"

"ஆமாங்க. ஏழு டஜனைத் தாண்டுச்சுன்னா தங்கவேலுவை வேகமாப் போகச் சொல்லுவனுங்க."

கணக்கில் அறுபத்திரண்டு. அவனுக்கு மூச்சு வந்தது.

அப்புறம் இங்கிலீஷ். சீட்டைக் கையில் வாங்கியதும் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தது. வீட்டில் தெரிந்ததுகூட மறந்து போயிற்று. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்கிறாளே என்று பயந்து ஒரு வரியை விட்டுவிட்டுத் தாவினான். விட்ட வரியில்தான் ஊசி நேரம் எழுதியிருந்தது. அட கிரகசாரமே!

"முப்பத்தொண்ணு" என்றாள் டாக்டரம்மா, பேனாவை மூடிக்கொண்டே. "கணக்கு மாதிரி இதுவும் இருந்திருந்தால் நானே கமிட்டியோடு சண்டை போட்டிருப்பேன். ஒரு உசிரு விஷயம், ஆறுச்சாமி. பொய்யாக மார்க்குப் போட என்னால் முடியாது."

"தெரியுமுங்க" என்றான்.

அவன் மேஜைமேல் வைத்திருந்த நோட்டை அவள் சும்மா புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில் திருத்தம். அவள் புருவம் உயர்ந்தது. "இந்தச் சீட்டெல்லாம் எழுதினது யாரு? நம்ம கம்பவுண்டரை விடச் சுத்தமாக இருக்கிறதே. யாரப்பா உன் வாத்தியார்?"

ஊத்துக்குளி ரோட்டு வாத்தியார் நாக்கு நுனிக்கு வந்துவிட்டார். மூட்டுவலி, மூன்று பெண் குழந்தை, எல்லாம் தயாராக இருந்தது. சொல்லிவிட்டால் மானத்தோடு வீட்டுக்குப் போகலாம். தை மாசமும் மானத்துக்குப் பயந்துதான் ஒரு மணி நேரம் என்று சொன்னான். அது நினைவுக்கு வந்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"என்ற ஊட்டுக்காரிங்க. எட்டாவது பாசுங்க" என்றான்.

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "அடப்பாவி! பிரசவ வலியில் இருக்கிறவளுங்க உன் முன்னால் காலை நீட்டக் கூச்சப்பட்டுப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போறாளுங்க. பொம்பளை ஆள் ஒருத்தி கிடைக்கமாட்டாளா என்று மூணு வருஷமாகத் தேடுகிறேன். நாளைக்குக் காலையில் கூட்டிக்கொண்டு வா."

அவன் வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது, அவன் வீட்டிலேயே. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நடந்தே வீட்டுக்கு வந்தான்.

விஷயத்தைக் கேட்டதும் பூவாத்தாள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் அதை மறைத்துக்கொண்டாள். அது ஆறுச்சாமி கண்ணில் பட்டுவிட்டது. இவளுக்கு ஆசை இருக்கிறதா! அவனுக்கு வயிறு எரிந்தது. பெண்டாட்டிமேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டால் எரிச்சல் அடங்குமா என்ன?

"நீங்க வேண்டாம்னா நான் வரலீங்க" என்றாள்.

"நான் வேண்டாம்னு சொன்னனா?" என்று சீறிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் அவன் முன்னால் போனான், அவள் பத்தடி பின்னால் வந்தாள். ஆஸ்பத்திரி முற்றத்தில் வேன் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. காங்கேயத்திலிருந்து தெய்வாத்தாள் என்று ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். குழந்தை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. மூன்று ஊசி போட்டும் நிற்கவில்லை. கோயமுத்தூர் போயாக வேண்டும்.

டாக்டரம்மா ஓடிவந்து சீட்டைப் பூவாத்தாள் கையில் திணித்தாள். "படி!"

பூவாத்தாள் ஒருதரம் புருஷனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். அவள் படித்தாள். மூன்று ஊசி, மூன்று நேரம், மருந்தின் பெயர், நாடி, எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடியது. "நாலாவது ஊசி ஒம்போது அம்பதுக்கு மேல போடோணுமுங்க. அதுக்கு முன்னால கூடாதுன்னு எழுதியிருக்குதுங்க" என்று தமிழிலும் சொன்னாள்.

"ஏறு வண்டியில்" என்றாள் டாக்டரம்மா.

"கொஞ்சம் இருங்க" என்று ஒரு குரல் வந்தது. செயலாளர் மயில்சாமி. பின்னால் அவர் அக்காள் மகன், இஸ்திரி போட்ட சட்டையில். "கலியாணமான பொம்பளையைப் புருசன் சம்மதம் எழுத்துல இல்லாம வேன்ல ஏத்தறதுக்கில்லீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா கமிட்டிதான் பதில் சொல்லோணும். ஃபைல்ல வெக்கிற காயிதம், இங்கிலீசுலயே இருக்கட்டும்." ஆறுச்சாமி பக்கம் திரும்பினார். "ஏப்பா, பொண்டாட்டிகிட்டத்தான் படிச்சியாமா? நேத்து முப்பத்தொண்ணாமா?"

கூடியிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். வேனுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

"நான் எழுதுகிறேன், அவன் கையெழுத்துப் போடட்டும்" என்று டாக்டரம்மா பேனாவை எடுத்தாள்.

"அவனேதான் கைப்பட எழுதோணுமுங்க" என்றார் மயில்சாமி. அவனுக்கு எழுதத் தெரியாது என்று அவருக்கு நிச்சயம். தெரிந்தாலும் எழுதமாட்டான் என்று அதைவிட நிச்சயம். எந்த ஆம்பளை எழுதுவான், இத்தனை பேர் முன்னால்?

ஆறுச்சாமி பேனாவை வாங்கினான். வேனின் பின்கதவு திறந்திருந்தது. தெய்வாத்தாளின் கை போர்வைக்கு வெளியே தொங்கியது. எட்டித் தொட்டுப் பார்த்தான். சில்லிட ஆரம்பித்திருந்தது. நாடி பத்து டஜனுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

காகிதத்தை வேன் கதவில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"பூவா, எனக்கு ஆட்சேபணை ஏதுமில்லைன்னு இங்கிலீசுல எப்படி எழுதறது? சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும், சத்தமாவே சொல்லு."

பூவாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் கம்மவில்லை. "ஐ ஹேவ்..." என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவன் ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். கடைசி வார்த்தை நீளமாக இருந்தது. தாளின் ஓரத்தில் இடமில்லாமல் மடக்கிக் கீழே கொண்டுவந்தான். கையெழுத்துப் போட்டு மயில்சாமியிடம் நீட்டினான். அவர் அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பூவாத்தாள் வேனில் ஏறினாள். தங்கவேலு கிளப்பிவிட்டான்.

அப்போதுதான் ஆறுச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குச் சீட்டுத்தான் தெரியும். வண்டியைப் பற்றி என்ன தெரியும்? அவன் பின்கதவைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான். "புள்ள! அவிநாசி தாண்டினா ரோடு குலுங்கும். தலையை உன்ற மடியில வெச்சுக்க. கால்மாட்டைத் துணி வெச்சு ஒசத்து. கையை விட்டுறாத! பேசிக்கிட்டே இரு, பேச்சு நின்னா பயந்துக்குவாங்க..."

"சரிங்க மாமா" என்ற குரல் கேட்டது. ஒரு கையில் சீட்டு, மறுகையில் தெய்வாத்தாளின் கை. அவள் அவனைப் பார்க்கவில்லை, நோயாளியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்ல இன்னும் நிறைய இருந்தது. மூன்று வருஷத்து விஷயம். கேட்டைத் தாண்டியதும் தங்கவேலு வேகமெடுத்தான். அதற்கு மேல் அவனால் ஓட முடியவில்லை.