ஆறாவது வேகன்

தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்கிற அந்தப் பெட்டியைக் கண்டாலே எனக்கு ஆகாது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், கருவேலம் புதருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் நிற்கும். ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தை எவ்வளவு பலமாக இடிக்கிறது என்று அளந்து, வண்டிகளை நடத்தும் கண்ட்ரோல் அறைக்குச் சொல்வது அதன் வேலை. எங்காவது ஒரு சக்கரம் தேய்ந்து தட்டையாகியிருந்தால் இடி பலமாக விழும், பெட்டி காட்டிக்கொடுத்துவிடும். அப்படித்தான் சொல்கிறார்கள். ஆவணி மாதம் மட்டும் மூன்று தடவை என் வண்டியைக் காட்டிக்கொடுத்தது. மூன்று தடவையும் நாற்பத்திரண்டு வேகன் தூரம் வெயிலில் நடந்து, குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு மண்ணும் இல்லை. நாற்பது நிமிடம் ஏன் தாமதம் என்று விளக்கம் கேட்டு எனக்குத்தான் காகிதம் வந்தது. பெட்டியை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் ஜெயசித்ரா, குட்ஸ் வண்டி கார்டு. இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து ஆடிக்கொண்டு போவது மட்டும் மாறவில்லை.

எங்கள் பிழைப்பில் இன்னொரு தலைவலி ஹேண்ட்பிரேக். இன்ஜின் இல்லாமல் நிற்கும் வண்டி தானாக உருண்டுவிடக் கூடாது என்று இரண்டு முனையிலும் வேகன்களின் கைச்சக்கரத்தைத் திருகி பிரேக்கைக் கட்டுவார்கள். கிளம்பும் முன் கழற்ற வேண்டும். ஒன்றை மறந்தால் போதும், அந்த வேகனின் சக்கரம் உருளாமல் இழுபட்டுத் தட்டையாகிவிடும். முனைக்கு ஐந்து வேகன் என்று வருடக்கணக்காக இருந்ததை இது நடப்பதற்கு எட்டு நாள் முன்னால் ஆறாக்கிச் சுற்றறிக்கை வந்தது. இன்ஜின் பக்கத்து ஆறு, ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் பொறுப்பு, கடைசிப் பக்கத்து ஆறு கார்டு பொறுப்பு, ஒருவர் பக்கத்தை மற்றவர் தொடக்கூடாது என்றும் அதில் இருந்தது.

அன்று புரட்டாசி சனிக்கிழமை. ராஜபாளையத்தில் காலி வேகன்கள் இரண்டு நாளாக நின்றன. வந்தபோது தெற்கு முனையில் இருந்த இன்ஜினைக் கழற்றிவிட்டு, விருதுநகர் திரும்புவதற்காக வடக்கு முனையில் வேறு இன்ஜினை மாட்டியிருந்தார்கள். மதியம் இரண்டு மணி. பாயின்ட்ஸ்மேன் பேச்சிமுத்து தலையில் துண்டோடு வந்தார். ஐம்பத்தாறு வயது. போன வருடம் ஒரு தட்டைச் சக்கரம் அவர் பெயரில் எழுதப்பட்டிருந்தது. இன்னொன்று வந்தால் வேலையை விட்டே அனுப்பிவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன்.

"ஒங்க பக்கத்தையும் நானே கழட்டிருதேன் மேடம். வெயிலு மண்டையப் பொளக்கு. செத்த நேரம் நெழல்ல நில்லுங்க."

"வேண்டாம்ண்ணே. ரூல்னா ரூல். ஒங்க பக்கத்த நீங்க பாருங்க, எம் பக்கத்த நான் பாத்துக்கிடுதேன். ஆறு, ஞாபகம் இருக்கட்டும். பழைய ஞாபகத்துல அஞ்சோட திரும்பிராதிய."

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஆறுதான் மேடம்" என்று சிரித்துக்கொண்டே அவர் வடக்கே நடந்தார்.

நான் என் பக்கம் போனேன். கைச்சக்கரம் ஒவ்வொன்றும் தொட்டால் தோலை உரிக்கிற சூடு. நடுவில் கண்ட்ரோலிலிருந்து இரண்டு தடவை போன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எதிரே வரும் பாசஞ்சருக்கு வழிவிட வேண்டும், இன்னும் அங்கே என்ன செய்கிறீர்கள் என்று. கழற்றியாயிற்று, கிளம்புகிறோம் என்று கத்திவிட்டு, கிரீஸைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். பதிவேட்டில் இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒதுங்கி வழிவிடும் லூப் லைனில் வண்டி நின்றது. பிளாட்பாரம் கொள்ளாத கூட்டம். திருவண்ணாமலை என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பக்கத்துக் குன்றில் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தவர்கள், நெற்றியில் நாமமும் கையில் துளசியுமாகப் பாசஞ்சருக்குக் காத்திருந்தார்கள். அப்போது போன் அடித்தது.

"ரீடிங் ரொம்ப ஹெவி. இன்ஜின்லேர்ந்து ஆறாவது வேகன்" என்றார் கண்ட்ரோலர். "அந்தப் பக்கம் ஹேண்ட்பிரேக் கழட்டினது யாரு?"

மறுபடியும் அந்தப் பெட்டி. மறுபடியும் காகிதம். எனக்குக் கோபம் உச்சி வரை ஏறிவிட்டது.

"பாயின்ட்ஸ்மேன் பேச்சிமுத்துதான் சார். ரூலு ஆறாகி எட்டு நாள்தான ஆச்சு. பழைய பழக்கத்துல அஞ்சக் கழட்டிட்டு, ஆறாவத விட்டுருப்பாரு. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டாத்தான."

"பேசுறது ரெக்கார்ட் ஆகுதும்மா. தெரியும்ல?"

"ஆகட்டும் சார்."

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. இன்றைக்கு வரை அந்த அரை நிமிடத்தை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

ஆறாவது வேகன் இன்ஜினுக்குப் பக்கம் என்பதால் டிரைவர் எட்வின் இறங்கிப் போனார். என் இடத்திலிருந்து அது அரை கிலோமீட்டர். வாக்கிடாக்கியில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"மேடம், ஆறாவது வேகன்ல ஒண்ணுமே இல்ல. ஹேண்ட்பிரேக் நல்லாக் கழட்டித்தான் இருக்கு. சக்கரத்தத் தொட்டுட்டேன், சூடே இல்ல. முன்னாடி வேகன், பின்னாடி வேகனும் பாத்தாச்சு. அந்தப் பெட்டிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு."

"அதத்தான் ஒரு மாசமாச் சொல்லுதேன், எவன் கேக்கான்?" என்றேன். பேச்சிமுத்து தப்பித்தார் என்று நிம்மதியாகவும் இருந்தது. கண்ட்ரோலுக்கு அடித்தால் லைன் கிடைக்கவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் நவநீதகிருஷ்ணன் வாக்கிடாக்கியில் வந்தார். "பாசஞ்சர் உள்ள வருது. அது போனதும் ஒங்களக் கிளப்பிருதேன். வண்டி ஓகேன்னு சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

ஓகே என்று சொல்ல வாயைத் திறந்தேன். கையில், இன்ஜினிலிருந்து வரிசையாக எழுதின வேகன் பட்டியல் இருந்தது. ரிப்போர்ட்டில் எழுத ஆறாவது வேகனின் நம்பரைப் பார்த்துக்கொண்டே, சும்மா, முதல் வேகனின் நம்பரையும் பார்த்தேன். அந்த நம்பரை அன்று நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். தலையைத் தூக்கினேன். என் பெட்டிக்கு நேர் முன்னால் நின்ற வேகனில், வெள்ளை எழுத்தில், அதே நம்பர்.

இன்ஜின் முனை மாறியிருக்கிறது. பட்டியலை யாரும் மாற்றவில்லை. பெட்டி சொல்வது வேகன் நம்பரை மட்டும்தான்; அது எத்தனையாவது என்று கண்ட்ரோல் பார்ப்பது இதே பட்டியலில். அவர்களுடைய ஆறாவது வேகன், இன்ஜினிலிருந்து ஆறாவது இல்லை. என்னிலிருந்து ஆறாவது.

இறங்கி நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் கழற்றியிருந்தன. நான்கு. ஐந்து. ஆறாவது வேகனுக்கு வரும் முன்பே கருகின வாடை மூக்கில் ஏறியது. பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருந்தது. சக்கரத்தின் விளிம்பு நீலம் பாரித்திருந்தது. கைச்சக்கரத்தை யாரும் தொடவே இல்லை. யாரும் என்றால் நான்.

ஐந்தைக் கழற்றிவிட்டு ஏறியவள் நான். பத்து வருடம் ஐந்து ஐந்தாகவே கழற்றிய கை, போனில் கத்திக்கொண்டிருந்தபோது ஐந்தோடு நின்றுவிட்டது. வாய் மட்டும் ஆறு ஆறு என்று ஊருக்குப் பாடம் எடுத்தது.

"மேடம், ஓகேவா?" என்றார் நவநீதகிருஷ்ணன்.

சுற்றிலும் ஒருவரும் இல்லை. திருகிக் கழற்றிவிட்டு ஓகே என்று சொன்னால் வண்டி போய்விடும். வழியில் இன்னொரு பெட்டி காட்டிக்கொடுத்தால்? ராஜபாளையத்தில் கழற்றாமல் விட்டது என்பார்கள். ரெக்கார்டில் என் குரல் இருக்கிறது, அதில் பேச்சிமுத்து பெயர் இருக்கிறது. நான் தப்பித்துக்கொள்ளலாம். இந்த நினைப்பு எனக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. கொஞ்ச நேரம் நின்றது.

"ஓகே இல்ல சார்" என்றேன். "எம் பக்கத்துல ஆறாவது வேகன், ஹேண்ட்பிரேக் கட்டியே இருக்கு. சக்கரம் போச்சு. இடிச்ச இடியில தண்டவாளம் வெடிச்சிருக்கலாம், நாங்க வந்த லைன ஆள் விட்டுப் பாக்காம பாசஞ்சர விடாதிய."

பிளாட்பாரத்துக்கு வந்த பாசஞ்சர் நின்றபடியே நின்றது. கூட்டம் சலசலத்தது. எனக்குக் கண்ட்ரோல் கிடைக்கப் பத்து நிமிடம் ஆனது.

"சார், நான் சொன்னது தப்பு. பட்டியல் தலைகீழா இருக்கு. அது பேச்சிமுத்து பக்கம் இல்ல, எம் பக்கம். நான்தான் கழட்டல."

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் கண்ட்ரோலர். "இன்ஸ்பெக்டர் அப்பவே போய் அவரை டியூட்டிலேர்ந்து இறக்கிட்டார். அந்த ஆளே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துட்டாரே. அஞ்சுதான் கழட்டினேன்னு."

பேச்சிமுத்துவின் நம்பரைத் தேடி அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அண்ணே, எதுக்கு எழுதிக் குடுத்திய? நீங்க ஆறும் கழட்டினியளா இல்லையா?"

"ஆறுன்னுதான் மேடம் எனக்கு ஞாபகம். ஆனா கார்டம்மாவே நீ அஞ்சுதான் கழட்டினன்னு சொல்லிருக்குன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாவ. நீங்க சும்மா சொல்ல மாட்டிய. பொறவு எனக்கே சந்தேகமாப் போச்சு. வயசாகுதுல்லா. அதான், அவிய சொல்லச் சொல்ல எழுதிட்டேன்."

"அண்ணே, அது எம் பக்கத்து வேகன். நான்தான் அஞ்சோட வந்துட்டேன். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல."

திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அப்ப நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தத திருப்பித் தந்துருவாவளா மேடம்?" என்றார்.