அம்மாவின் காலியிடம்

செய்தி வந்தபோது மண்ணியல் துறைத் தலைவி அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார். சமையல் அடுப்பு இல்லை. ஈர மண்ணைக் காயவைத்து, அதில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று பார்க்கிற மின் அடுப்பு. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் சுற்றி நின்று கிண்ணங்களை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். பின் வரிசையில் ஒரு பெண் மேசைக்கடியில் கைபேசியைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள். அது கைக்குக் கை மாறி, கொஞ்ச நேரத்தில் ஆய்வகமே கிசுகிசுக்க ஆரம்பித்தது.

"என்ன விஷயம், சொன்னா நானும் சிரிப்பேன்ல," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்தான் தயங்கித் தயங்கிக் கைபேசியை நீட்டினாள். பல்கலைக்கழக ஆசிரியர்களின் ஓய்வு வயதை அரசாங்கம் குறைத்திருந்தது. நாடு முழுவதும், இந்த மாதக் கடைசியிலிருந்து. படித்துவிட்டு வேலையில்லாமல் நிற்கிற இளைஞர்களுக்கு வழிவிடத்தான் இந்த ஏற்பாடாம். ஏற்கெனவே அந்த வயதைத் தாண்டிவிட்டவர்களும் அதே நாளில் கிளம்ப வேண்டியதுதான்.

அவர் தாண்டிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. முழுதும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, கிண்ணம் ஆறிடுச்சான்னு பாருங்க. சூட்டோட எடை போட்டா தப்பாக் காட்டும்."

மாணவர்கள் அவருக்குச் சல்லடை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆய்வகத்தில் மண்ணைச் சலிப்பது ஒரு காரணம். விடைத்தாளில் எதைக் கலந்து எழுதினாலும் சலித்து எடுத்துவிடுவார் என்பது இன்னொன்று. அவருக்கும் அது தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவருடைய ஒரே மகளும் அதே துறையில் தற்காலிக விரிவுரையாளர். அவள் சின்னச் சல்லடை. ஒவ்வொரு பருவம் முடிந்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விடுமுறை கழிந்ததும் மறுபடி கூப்பிடுவார்கள். நிரந்தரம் ஆக்கச் சொல்லிக் கேட்டால் துறையில் இடமில்லை என்பது பதில். எழுதிக் கேட்டாலும் அதே பதில்தான் வரும், துறைத் தலைவியின் கையெழுத்தோடு.

அன்று சாயங்காலம் மகள், குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு, தெரு தாண்டி ஓடி வந்தாள். அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். அவர் பல் டாக்டர். கடைத்தெருவில் சின்னதாக ஒரு மருத்துவமனை வைத்திருந்தார். மனைவியைச் சிரிக்க வைக்கக் காலையிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தவர் போல, மகள் உட்கார்ந்ததும் சொன்னார்.

"நான்லாம் ஆடற பல்லைத்தான் பிடுங்குவேன். இவங்க கெட்டியா நிக்கறதைப் பிடுங்கறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துவிட்டு, தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"அம்மா," என்றாள் மகள். "திட்டறதுன்னா இப்பவே திட்டிடு."

"உன்னை எதுக்குடி திட்டணும்?"

"துறையில எல்லாரும் வந்து எனக்குக் கை குடுத்தாங்க. நீ ஆய்வகத்துல இருந்தப்ப. இனிமே இடம் இருக்குல்ல, உனக்குத்தான்னு. நானும் சும்மா நிக்கத் தெரியாம எல்லாருக்கும் கை குடுத்துட்டேன்."

"குடுத்தா என்ன."

"எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சும்மா. கொஞ்ச நேரம். அப்புறம்தான் அது உன் நாற்காலின்னு ஞாபகம் வந்துச்சு."

அம்மா அவளுக்கும் ஒரு தட்டை வைத்தார். கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார். வரவில்லை. மகளுக்காக மகிழ்ச்சி வருகிறதா என்று பார்த்தார். அதுவும் இல்லை. கணவரிடம் எப்போதோ ஒரு பல்லுக்கு ஊசி போட்டுக்கொண்டபோது, மரத்துப்போன உதட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். விரலுக்கு உதடு தெரிந்தது. உதட்டுக்கு விரல் தெரியவில்லை. இப்போதும் அதே மாதிரி.

"சாப்பிடு," என்றார். "ஆறிடும்."

மாதக் கடைசியில் வழியனுப்பு விழா. ஒரு ஆள் இரண்டு ஆள் என்றால் அந்தந்தத் துறையில் தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். இது கூட்டமாகப் போகிற கூட்டம். ஆகவே பெரிய அரங்கில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். இயற்பியலில் பாதித் துறை, வரலாற்றில் ஏறக்குறைய எல்லோரும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொருவராகக் கூப்பிட, மேடையேறி ஒரு பூங்கொத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பக்கம் இறங்க வேண்டும். பூங்கொத்து பற்றாக்குறையாகிவிட்டது. முதலில் வாங்கியவர்களிடமிருந்து சத்தமில்லாமல் திருப்பி வாங்கி, பின் வாசல் வழியாக மேடைக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு வந்தது யாரோ ஏற்கெனவே வைத்திருந்தது. காம்பைச் சுற்றிய தாள் கசங்கி, ஈரமாக இருந்தது. படம் எடுத்ததும் அதை அவரும் கொடுத்துவிட்டார். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் மேடையிலேயே அழுதார். அவரைப் பார்த்து, நமக்கு ஏன் கண்ணில் தண்ணீர் வரவில்லை என்று சல்லடை யோசித்தார். அதையும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு மகள் காத்திருந்தாள். காலியிடம் பற்றி விளம்பரம் வரும் என்றார்கள். அடுத்த மாதம் என்றார்கள், புதுப் பருவம் தொடங்கட்டும் என்றார்கள். பருவமும் தொடங்கியது. அம்மாவின் பாடங்களையும் சேர்த்து மகளே எடுத்தாள். சம்பளம் பழையபடி, பதவியும் பழையபடி. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. அம்மா காலையில் எழுந்து, குளித்து, புடவை கட்டி, கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிப்பார். மடித்து வைத்த பிறகு என்ன படித்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒருநாள் புலமுதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் ஒரு காலத்தில் இவரிடம் படித்தவர்; ஓய்வு வயதுக்கு இன்னும் நிறைய தூரம் இருந்தது. எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலியை இழுத்துப் போட்டார், தேநீர் வரவழைத்தார். இத்தனை உபசாரம் நடக்கும்போதே ஏதோ இருக்கிறது என்று இவருக்குப் புரிந்துவிட்டது.

"மேடம், அந்த இடங்களை நிரப்பப் போறதில்லை," என்றார் அவர். "புது ஆணை வந்திருக்கு. ஒரு பாடத்துக்கு நாடு முழுக்க ஒரே விரிவுரை. நல்ல ஆசிரியர் ஒருத்தர் பேசறதைப் பதிவு பண்ணி, எல்லாப் பல்கலைக்கழகத்துலயும் போடுவாங்க. வகுப்புல ஒருங்கிணைப்பாளர்னு ஒரு ஆள் இருந்தாப் போதும்."

"ஒருங்கிணைப்பாளர்னா?"

"படத்தைப் போடணும். வருகை எடுக்கணும். தேர்வு நடத்தணும்."

"இளைஞர்களுக்கு வேலைன்னாங்களே."

"அதுவும் வேலைதானே மேடம்." சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நான் சொல்லல. அங்க எழுதியிருக்கறதைச் சொல்றேன்."

தொற்று பரவி ஊரெல்லாம் அடைந்து கிடந்த காலத்தில், ஆளில்லாத ஆய்வகத்தில் கைபேசியைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்து, தன் பாடம் முழுவதையும் அவர் பேசிப் பதிவு செய்திருந்தார். அந்தப் பதிவுகளை யாரோ மேலே அனுப்பியிருக்கிறார்கள், குழுவுக்குப் பிடித்துப்போய்விட்டது. மண்ணியலுக்கு நாடு முழுக்க அவருடைய விரிவுரைதான். அவர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவே.

"சம்மதிக்கலைன்னா?"

"பாடம் இல்லாத துறையை மூடிடுவாங்க. சம்மதிச்சா துறை இருக்கும். ஒருங்கிணைப்பாளர் வேலை நிரந்தரம். உங்க பொண்ணுக்கே குடுத்துடலாம், அது என் கையில இருக்கு." பிறகு, குரலைத் தாழ்த்தி, "யோசிச்சு சொல்லுங்க மேடம், அவசரமில்லை," என்றார்.

"பேனா இருக்கா?" என்றார் சல்லடை.

வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தேநீரையும் மிச்சம் வைக்காமல் குடித்தார். படியிறங்கி நேராகத் துறைக்குப் போய், மகளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மறைத்து வைத்துப் பிறகு வேறு யார் வாயிலாவது அவள் கேட்க வேண்டாம் என்று நினைத்தார்.

மகள் சுவரில் சாய்ந்து கேட்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"தெரியல. போடாதேன்னு சொல்லணும்னு ஆசையா இருந்திருக்கும். ஆனா போடுன்னுதான் சொல்லியிருப்பேன். வீட்டு வாடகை, குழந்தை, எல்லாம் இருக்கே."

"அந்தப் பழி உன் மேல வேண்டாம்னுதான் கேக்கல."

"இத்தனை வருஷம் நீ இருந்ததால எனக்கு இடம் இல்ல," என்றாள் மகள். குரலில் குத்தல் இல்லை. கூட்டல் கணக்குச் சொல்கிற குரல். "இப்ப நீ போயும் இல்ல. போனவ திரும்பி வந்து உக்காந்துட்ட."

"ஆமா," என்றார் அம்மா. அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

மணி அடித்ததும் மகள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

ஆணைப்படி எல்லாம் நடந்தது. மகளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. சொந்தக்காரர்கள் தொலைபேசியில் வாழ்த்தினார்கள். ஒரே வீட்டில் அம்மாவுக்கு நாடு முழுக்கப் பெயர், பொண்ணுக்கு நிலையான வேலை, உங்களுக்கென்ன குறை என்றார்கள். பல் டாக்டர் எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

அடுத்த பருவத்தில், ஆய்வகத்தை ஒளிப்பதிவுக்கூடமாக மாற்றப் போகிறார்கள், உங்கள் சாமான் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். அவர் போனார். பல ஊர் மண்ணைக் கண்ணாடிப் புட்டிகளில் போட்டு அலமாரியில் அடுக்கியிருந்தார். கறுப்பு, சிவப்பு, சாம்பல், ஆற்று வண்டல். எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒரு பெரிய தொட்டியில் கொட்டி, புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தொட்டியில் எல்லாம் ஒன்றாகக் கலந்து, தெருவோரத்து மண் மாதிரி கிடந்தது. ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுப் போட்டார். எடுத்துப்போக ஒன்றும் இல்லை.

திரும்பி வருகிற வழியில் மாடி வராந்தாவில் தன் குரல் கேட்டது. வகுப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. திரையில் அவரே நின்று, களிமண் ஏன் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் ஓரத்தில் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் இருந்தவர் பேச்சை நிறுத்தி, "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஆளில்லாத ஆய்வகத்தில் பதிவு செய்தபோதுகூட, பழக்க தோஷத்தில், ஒவ்வொரு பகுதிக்கும் பிறகு அப்படி நின்று அறையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். இப்போதும் திரையில் இருந்து அறையைச் சுற்றிப் பார்த்தார்.

முன் வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான்.

"சரி, மேலே போவோம்," என்றார் திரையில் இருந்தவர்.

பையன் கையை இறக்கிக்கொண்டான். மகள் அவனைப் பார்த்து, அப்புறம் என்பது போல விரலால் சைகை செய்தாள்.

வகுப்பு முடிந்து இருவரும் சிற்றுண்டிச் சாலையில் தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"நிறுத்திட்டு அவனுக்குப் பதில் சொல்லக்கூடாதா?" என்று கேட்டார் அம்மா.

"அடிக்கடி நிறுத்தினா மேல தெரியும். ஏன் நிறுத்தினேன்னு விளக்கம் கேப்பாங்க."

"அவன் என்ன கேக்க வந்தான்?"

"தெரியல. அப்புறம் கேட்டேன், மறந்துட்டேன்னான்." மகள் தேநீரை ஊதினாள். "போன வாரம் ஒருத்தி கேட்டா, மேடம், உங்க குரலும் அந்த மேடம் குரலும் ஒரே மாதிரி இருக்கேன்னு. புதுப் பசங்களுக்கு உன்னை யாருன்னு தெரியாதுல்ல."

"என் அம்மான்னு சொல்லலையா?"

"சொல்லல. சொன்னா அவங்களையே கூட்டிட்டு வாங்களேன்னு கேப்பாங்க. அப்ப நான் என்ன சொல்றது?"

அம்மா தலையாட்டினார். அடுத்த மணிக்கு மகளுக்கு நீர்ப்பாசன வகுப்பு இருந்தது. அது அவள் படித்த பாடம் இல்லை. வேறு ஊர்க்காரர் ஒருவர் திரையில் வந்து பேசுவார், இவள் படத்தைப் போட வேண்டும். கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு, "சாயங்காலம் குழந்தையைக் கூட்டிட்டு வர்றேன்," என்று சொல்லிக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது பல் டாக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார், வெறுங்கையைப் பார்த்தார்.

"ஏதும் கொண்டு வரலையா?"

"ஒண்ணும் இல்லைங்க. பொண்ணு வகுப்பை வாசல்ல நின்னு கேட்டுட்டு வந்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவர் செருப்பை ஓரமாக விட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் பேசறேன்," என்றார். பிறகு இருவருக்கும் பரிமாறினார்.