காற்றுப்பை எடுக்காத ஏழு மீன்கள்

கிடங்கு மேற்பார்வையாளர், மூட்டைக்காரர் வீட்டு உத்தரத்தில் போய்த் தலை முட்டிக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்றேகால் மணிக்கு. அன்று வெயில் சுமார். தக்காளி விலையும் சுமார்.

தப்பு மூட்டைக்காரருடையதுதான். பதினோரு வருஷம் அந்தக் கிடங்கில் தற்காலிகம் என்ற பெயரில் மூட்டைக்கு முதுகைக் கொடுத்தவர். மறுநாள் ஒரே ஒரு நிரந்தர இடத்துக்கு மேற்பார்வையாளர்தான் ஆள் பெயர் எழுதப்போகிறார், போட்டியில் அவர் மனைவியின் தம்பியும் நிற்கிறான் என்று கேள்விப்பட்டு, அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். ஏரியில் பிடித்த உள்ளங்கையளவு மீன், நாற்பது. அந்த வீட்டில் மீன் கழுவுவது அவர், பொரிப்பது மனைவி. கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதிளை உரசி, துடுப்பை நறுக்கி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறிக் கட்டைவிரலால் குடலை வழித்து, முதுகெலும்பை ஒட்டியிருக்கும் வெள்ளைக் காற்றுப்பையையும் உரித்துப் போடுவார். முப்பத்துமூன்று மீன் முடிந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பதறிப்போய் மிச்ச ஏழையும் காற்றுப்பையோடு மிளகாய்த்தூளில் புரட்டிக் கொடுத்துவிட்டார். கடைசியாகப் பொரிந்ததுதான் சூடு என்று அந்த ஏழும் விருந்தாளி தட்டுக்கே போயின.

மூன்றாவது மீனில் மேற்பார்வையாளர் பாயை விட்டு நாலு விரல் எழும்பினார். முள் எடுக்கும் மும்முரத்தில் அவர் கவனிக்கவில்லை. ஐந்தாவதில் தட்டு எட்டவில்லை, கையோடு தூக்கிக்கொண்டார். ஏழாவதில் உத்தரம்.

"யோவ், என்னய்யா போட்டே?"

"மீன்தான் சார்" என்று மூட்டைக்காரர் கையைப் பிசைந்தார். பதினோரு வருஷமும் போச்சு.

மனைவி கழிவுச் சட்டியைக் கிளறிக் காற்றுப்பைகளை எண்ணினாள். புருஷனை ஒரு முறை முறைத்தாள். "அறிவிருக்கா உங்களுக்கு?" பிறகு அண்ணாந்து, குரலைக் குழைத்தாள். "ஒண்ணுமில்ல சார், செரிச்சா இறங்கிடும். ஆனா வெளியில காத்து ஒரு மாதிரியா அடிக்குது. இவரு பிடிச்சுக்கிட்டாத்தான் வீடு போய்ச் சேருவீங்க. மூட்டை பழகின கை, விடாது."

"அப்ப பிடிக்கச் சொல்லும்மா!"

"பிடிப்பாரு சார். தற்காலிகமாப் பிடிக்கவா, நிரந்தரமாவா?"

மேற்பார்வையாளர் சட்டைப்பையிலிருந்த தாளை உத்தரத்தில் அழுத்திவைத்து மூட்டைக்காரர் பெயரை எழுதினார். "என் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?" என்று முனகிக்கொண்டே கையெழுத்தும் போட்டார். தாள் ஆடி ஆடி இறங்கியது. மூட்டைக்காரர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மேற்பார்வையாளர் இடுப்பில் கயிறு கட்டித் தெருவழியே கூட்டிப்போனார்.

"என்ன சார், பதவி உயர்வா?" என்றார் டீக்கடைக்காரர்.

செரிக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளில் மேற்பார்வையாளர் கிடங்கின் மேல் அடுக்கு மூட்டைகளை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தார். எலி குதறியதைக் கண்டுபிடித்து மேலிடத்தில் நல்ல பெயரும் வாங்கினார். அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் இருப்புப் பார்க்கும் நாளுக்கு முந்தின நாள், "ஏழு போதும்" என்று மூட்டைக்காரர் வீட்டுக்குச் சொல்லியனுப்புவார். மறு வருஷம் கிடங்கின் ஏணியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள்.