ஐந்தாவது ஸ்பீக்கர்

தையல்காரர் ஹோம் தியேட்டர் வாங்கப்போவதாகச் சொன்னபோது மனைவி தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்.

"ஒரு ஒயர் என் கண்ணுல பட்டாலும் செட்டு மொத்தமும் உங்க கடைக்குப் போயிடும். அங்க பட்டன் தைச்சுக்கிட்டே படம் பாருங்க."

அவருக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. இருபது வருடமாகக் கோட்டுகளில் தையலை வெளியே தெரியாமல் மறைத்த கை அது. கடைக்கு இரண்டு நாள் லீவு விட்டார். டிவிக்குப் பின்னால் தொங்கிய ஒயர்களைச் சேர்த்துக் கட்டி, சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் பட்டைக்குள் இறக்கினார். அங்கிருந்து கம்பளத்தின் ஓரத்துக்கு அடியில், பேன்ட் காலை மடித்துத் தைப்பதுபோல, அங்குலம் அங்குலமாகச் செருகிக்கொண்டு போனார். முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் வலது பக்கம் ஒன்று. நான்கு ஸ்பீக்கரும் பேசின. ஒயரை வலைவீசித் தேடினாலும் கிடைக்காது.

ஐந்தாவதுதான் காலை வாரியது. பின்பக்கம் இடது மூலைக்குப் போகும் வழியில் பால்கனிக் கதவு. ஒயரைக் கீழே விட்டால் கதவு தேய்த்தே அறுத்துவிடும். மேலே கான்கிரீட், அவருடைய சின்ன ட்ரில் அதில் ஒரு பொட்டுதான் வைத்தது. மனைவி வேலையிலிருந்து திரும்ப அரைமணி நேரம் இருக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தார். ஒயரே இல்லாமல் ஸ்பீக்கரைச் சுவரில் மாட்டிவிட்டார்.

மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "பரவாயில்லையே" என்றாள்.

மறுநாள் படம் ஓடிக்கொண்டிருந்தபோது தூசி தட்டுகிற சாக்கில் அந்த ஸ்பீக்கரில் காதை வைத்தாள். சங்கதி விளங்கிவிட்டது. கணவரிடம் மூச்சு விடவில்லை. அவருடைய அக்காவுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்காரரோடு படம் பார்க்க வரச்சொன்னாள்.

அக்காவின் கணவர் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளர். பக்கத்து அறையில் ஊசி விழுந்தால் எந்த நம்பர் ஊசி என்றுகூடச் சொல்வேன் என்பார். அவரை அந்த ஊமை ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்காரவைத்தாள்.

படத்தில் மழை கொட்டியது.

"அண்ணே, இந்த அஞ்சுல எது நல்லா கேக்குது? உங்க காதுக்குத்தான் தெரியும்."

ஒலிப்பதிவாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பின்னாடி இடது பக்கம். மத்த நாலையும் தூக்கிச் சாப்பிடுது."

மனைவி சோபாத் தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டு இருமினாள்.

"ஆமா மச்சான், கதவைத் தாண்டி ஒயரை எப்படிக் கொண்டுபோனே?"

"அது தொழில் ரகசியம் அத்தான்."

"என்கிட்டயேவா?"

சொல்லிக்கொண்டே ஸ்டூலில் ஏறி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டார். பின்னால் ஒயர் செருகும் இரண்டு துளைகள், சிவப்பும் கறுப்புமாக, காலியாக இருந்தன. அவர் அதையே பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். மச்சான் கம்பளத்தைப் பார்த்தார்.

"என்னங்க, எப்படிப் போட்டிருக்கான்?" என்று அக்கா கேட்டாள்.

"ரொம்ப நுணுக்கமான வேலை. சொன்னா உனக்குப் புரியாது." ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டி, கோணாமல் நிமிர்த்தியும் வைத்தார்.

கிளம்பும்போது, செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்து மச்சானின் காதைக் கடித்தார். "புதன்கிழமை எனக்கு லீவு. பெரிய ட்ரில்லோட வர்றேன். உங்க அக்காவுக்குத் தெரியவேணாம்."

புதன்கிழமை வந்தார். அன்றைக்குப் பார்த்து தையல்காரரின் மனைவியும் லீவு போட்டிருந்தாள்.

"நல்லா இருக்கிற ஸ்பீக்கரை எதுக்குண்ணே நோண்டுறீங்க?"

"இன்னும் கொஞ்சம் மெருகேத்தலாம்னுதாம்மா."

இரண்டு பேரும் மதியம்வரை மல்லுக்கட்டினார்கள். கான்கிரீட் வழிவிட்டது. ஒயர் கதவுக்கு மேலே நுழைந்து மறைந்தது. தலையெல்லாம் சிமென்ட் தூளோடு நின்றபோது ஐந்தாவது ஸ்பீக்கர் முதன்முதலாக வாய் திறந்தது.

"இப்ப எப்படிண்ணே இருக்கு?" என்றாள்.

ஒலிப்பதிவாளர் காதிலிருந்த தூளைத் துடைத்துவிட்டுக் கண்ணை மூடினார். வெகுநேரம் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா முன்ன இருந்த சுத்தம் இல்ல."

தையல்காரர் அவசரமாகப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"போகப்போகப் பழகிடும்ணே" என்றாள் அவள்.