எனக்கும் விரதம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் குடியேற்றத்துக் கிராம முன்னேற்றச் சங்கம் ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறது. செயலாளர் கனகலிங்கம் வந்து, "மாஸ்ரர், தலைமைத்துவத்தைப் பற்றி ரண்டு பக்கம் தாங்கோ. எல்லாருக்கும் பயன்படுற மாதிரி இருக்கவேணும்" என்று கேட்டார். நானும் விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன்:

தலைவன் என்பவன் மற்றவர்களுக்கு முன்னே—

தலைமை என்பது பதவியன்று, அது—

மெழுகுதிரி எவ்வாறு தன்னை—

(மூன்றையும் வெட்டிவிட்டேன். வெட்டிய கோட்டுக்குக் கீழே எழுத்து இன்னும் தெரிகிறது. தெரியட்டும்.)

அப்போது பக்கத்துக் காணிக் கமலாசனி, இரவல் வாங்கிய சுளகைத் திருப்பித் தர வந்தாள். நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மாஸ்ரர், பரீட்சையோ?"

"தலைமையைப் பற்றி எழுதச் சொல்லுகினம்."

"அதுக்கேன் யோசிக்கிறியள்? தலைவர் வீரகத்தி அண்ணையைப் பற்றி எழுதுங்கோ. படமும் போடலாம்." படலைவரை போனவள் திரும்பி வந்தாள். "இல்லாட்டி நாகேஸ்வரி அக்காவைப் பற்றி எழுதுங்கோ."

"அவா எந்தச் சங்கத்திலை இருக்கிறா?"

"ஒண்டிலையும் இல்லை. அதுதான் சொல்லுறன்."

சுளகைக் கீழே வைத்துவிட்டு, நான் இங்கே வருவதற்கு முந்திய ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் நடந்ததைச் சொன்னாள். கட்டுரை அன்றோடு நின்றது.

2

தொடக்கம் எழுதுகிறேன்.

வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குளக்கட்டின் மேல் நின்ற—

(இப்படித் தொடங்கினால் வாசகர் குளக்கட்டைத்தான் பார்ப்பார். நான் காட்ட விரும்புவது ஒரு கஞ்சிக் கிடாரம். மறுபடியும்.)

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அடுத்த நாள்களில் குளம் உடைப்பெடுத்தது. வயலும் வீடும் தண்ணீருக்குள் போயின. மேட்டில் இருந்த பள்ளிக்கூடம் மட்டும் தப்பியது. யாழ்ப்பாணத்தின் பல ஊர்களிலிருந்து வந்து காணி பெற்ற குடும்பங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அதன் விறாந்தையில் ஒடுங்கின.

அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர் யோசெப். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த மீனவர். வெள்ளம் என்று கேள்விப்பட்டுத் தன் வள்ளத்தை லொறியில் ஏற்றி, தார் றோட்டு முடியும் இடத்தில் தண்ணீரில் இறக்கினார். நத்தார்ப் பண்டிகையை அரைகுறையாக விட்டு மனைவி புனிதமும் கூடவே வந்தாள். இந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கருவாடு கொண்டுவந்து விற்பவள் அவள். எந்த வீடு எங்கே என்று வழி சொல்ல அவளால்தான் முடிந்தது.

வள்ளத்தில் ஏறும்போது ஒருவரும் சாதி கேட்கவில்லை, சமயமும் கேட்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

3

வீரகத்தியை நான் முதலில் பிழையாக எழுதினேன். இதோ அந்த வரி: சங்கத் தலைவர் வீரகத்தி சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு, பசித்த சனங்களுக்கு ஒரு பிரசங்கம்—

கமலாசனிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சும்மா இருங்கோ மாஸ்ரர். எங்கட அம்மாவை முதுகிலை காவிக்கொண்டு வந்தது ஆர்? அந்த மனுசன்தான். பிரசங்கம் பண்ணினவர்தான், இல்லையெண்டேல்லை. அவருக்கு வாய் சும்மா இராது. அதுக்காக அவரைப் பகிடியாக்காதேங்கோ."

ஆகவே வெட்டினேன். வீரகத்தி நல்ல மனிதர். செய்யவேண்டியதைத்தான் செய்தார்: சமையலுக்கு ஒரு குழு அமைத்தார். குழுவில் இருந்த பெண்கள் யார் உலை வைப்பது என்று பேசத் தொடங்கினார்கள். ஓர் ஊராருக்கு மற்ற ஊரார் கைப்பட்டது ஆகாது. பேச்சு நீண்டது. அரிசி மூட்டை மூட்டையாகவே இருந்தது. பிள்ளைகள் அழுது களைத்துப்போனார்கள்.

அந்த நேரத்தில் புனிதம் ஒருவரிடமும் கேட்காமல் பள்ளிக்கூடத்துக் கிடாரத்தைக் கழுவினாள். உடைந்த வாங்கின் இருக்கைப் பலகையைப் பிளந்து அடுப்பு மூட்டினாள். அரிசியும் பயறும் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள்.

மணம் வந்ததும் குழு பேச்சை நிறுத்தியது.

4

வரிசை நின்றது, ஆனால் முதல் ஆளாக நிற்க ஒருவருக்கும் மனமில்லை. "நாகேஸ்வரி அக்கா, நீங்கள் முதல் போங்கோவன்" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள்.

நாகேஸ்வரி யார் என்று சொல்லவேண்டும். சிற்றம்பலத்தின் மனைவி. அதிகம் பேசாதவள். குடியேற்றத்தில் ஆசாரம் கூடியவள் என்று பேர். அந்த மார்கழியில் சிற்றம்பலம் நெருப்புக் காய்ச்சலோடு யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரியில் கிடந்தார். அவருக்காக அவள் பிள்ளையார் பெருங்கதை விரதம்* பிடித்திருந்தாள். றோட்டும் றெயிலும் அடைபட்டதால், அவர் இருக்கிறாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. அன்று விரதத்தின் கடைசி நாள்.

(*கார்த்திகைப் பௌர்ணமிக்கு அடுத்த நாள் கையில் நூல்காப்புக் கட்டி, ஒருநேர உணவோடு இருந்து, மார்கழிச் சஷ்டியில் முடிப்பது. கடைசி நாள் முழுப் பட்டினி. பெண்களுக்கு இடக்கையில் காப்பு. நானும் பிடிப்பவன்தான்.)

புனிதம் சிரட்டையில் கஞ்சி வார்த்து நீட்டினாள்.

"எனக்கு விரதம், தங்கச்சி. பிள்ளையளுக்குக் குடுங்கோ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நாகேஸ்வரி சுவரோரம் ஒதுங்கினாள்.

அவள் சொன்னது உண்மை. நல்ல மனத்தோடுதான் சொன்னாள். அடுத்து நின்றவள் கமலாசனி. மூன்று வயது மகள் விமலேஸ்வரியைக் கையில் பிடித்திருந்தாள். இந்த இடத்தை என்னிடம் சொல்லும்போது அவள் முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

"எனக்கும் விரதம்" என்றாள் அன்று.

அதற்கடுத்தவளும் சொன்னாள். அதற்கடுத்தவளும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைக்க விருப்பமில்லை என்றால், முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதையில்லை. 'இண்டைக்கு விரதம்' என்று சொல்லித் தப்புவோம். கேட்பவருக்கும் அது விளங்கும். விளங்காதது போல் இருந்துவிடுவார்.

புனிதம் விளங்காதது போல் இருக்கவில்லை.

"எல்லாருக்கும் பெருங்கதையோ? உங்கட காப்பு எங்கை, அக்கா?"

"வெள்ளத்திலை போயிட்டுது" என்றாள் ஒருத்தி.

"ஒரு கையிலையும் மிஞ்சேல்லையோ? இருக்கட்டும். நான் வெய்யிலுக்கை கருவாட்டுப் பெட்டியோடை வந்து நிக்கேக்கை, குடிக்கத் தண்ணி தராததுக்கும் விரதம் எண்டுதான் சொல்லுவியள்." குரல் உயரவில்லை. குனிந்து விமலேஸ்வரியைப் பார்த்தாள். "பிள்ளைக்குமோ விரதம்?"

கமலாசனி மகளைத் தன் பக்கம் இழுத்தாள். "அவள் வீட்டை போய்ச் சாப்பிடுவாள்" என்றாள்.

எந்த வீடு? கூரை முகடு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்த வீடு.

5

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். சில நாள் எழுதவில்லை.

சுவரோரம் நின்ற நாகேஸ்வரிக்கு என்ன தோன்றியிருக்கும்? எனக்குத் தெரியாது. கமலாசனிக்கும் தெரியாது. நாகேஸ்வரியிடமே கேட்கலாம் என்றால், கணவனுக்காக வைத்த நேர்த்தியைப் பற்றி ஒரு பெண்ணிடம் கேட்பது அழகல்ல.

ஊகமாக எழுதுகிறேன். தன்னுடைய இரண்டு சொல் வரிசையின் முடிவுவரை கைமாறிப் போனதை அவள் கேட்டாள். அதுவரை, தன் விரதம் தனக்கும் பிள்ளையாருக்கும் இடையில் உள்ளது என்று நினைத்திருந்தாள். தனக்குப் பின்னால் ஒரு வரிசை நிற்கிறது, தான் கால் வைத்த இடத்தில் அது கால் வைக்கிறது என்று அன்றுதான் கண்டாள். அவள் ஒரு பதவியும் கேட்டவளல்ல. ஆனாலும் அந்த விறாந்தையில் அவள் பட்டினி கிடந்தால் ஊர் பட்டினி கிடக்கும்.

விரதத்தைச் சிறிதாக்கி இந்தக் கதையை எழுத என்னால் முடியாது. கணவன் உயிருக்காகப் பிடித்த விரதம். ஒரு பகல் மட்டும்தான் மிச்சம். அதை விட்டுவிட்டு, நாளைக்கு ஆசுப்பத்திரியிலிருந்து கெட்ட செய்தி வந்தால், ஊர் என்ன சொல்லும்? ஊர் கிடக்கட்டும், அவள் நெஞ்சு என்ன சொல்லும்? வாசகரே, அவசரப்பட்டு 'குடிக்கத்தான் வேண்டும்' என்று சொல்லாதீர்கள். அவள் நின்ற சுவரில் சற்று நேரம் நீங்களும் சாய்ந்து நில்லுங்கள்.

6

அவள் திரும்பி வந்தாள்.

"தங்கச்சி, எனக்குக் கஞ்சி தாங்கோ."

புனிதம் அவள் இடக்கையைப் பார்த்தாள். மஞ்சள் நூல் நனைந்து மணிக்கட்டில் ஒட்டிக்கிடந்தது. அகப்பையைக் கிடாரத்துக்குள்ளேயே விட்டாள்.

"வேண்டாம் அக்கா. உங்களுக்கு மெய்யான விரதம். எங்களுக்கும் நோன்பு பிடிக்கிற தபசு காலம் இருக்கு, எனக்குத் தெரியும். என்னாலை உங்கட விரதம் கெடவேண்டாம்."

"ஓம், மெய்யான விரதம்தான். அதாலைதான் கேக்கிறன். வாத்துத் தாங்கோ."

புனிதம் வார்த்தாள். நாகேஸ்வரி காப்புக் கட்டிய கையால் சிரட்டையை ஏந்தி, ஒருமுறை கண்ணை மூடித் திறந்து, குடித்தாள்.

இதற்கு அடுத்தபடியாக அவளுக்கு நான் ஒரு பேச்சு எழுதி வைத்திருந்தேன். 'பசித்த பிள்ளையின் வயிறே கோயில், அங்கே பேதம்—' என்று போகும். எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. கமலாசனிக்கு வாசித்தேன். மறுபடி இரவல் வாங்கிய சுளகால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ மாஸ்ரர், அவாவோ? அவா இவ்வளவு கதைச்சா அடுத்த வெள்ளம் வந்துடும்."

"அப்ப என்ன சொன்னவா?"

"'உப்புக் காணாது' எண்டு சொன்னவா."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். 'உப்புக் காணாது, தங்கச்சி' எண்டா. உடனை பின்னாலை நிண்ட ஒருத்தி, 'என்ர பையிலை உப்புக் கிடக்கு' எண்டு ஓடினாள். இன்னொருத்தி, 'பயறு அவியேல்லைப் போல, நெருப்பைத் தள்ளி விடுங்கோ' எண்டாள். பாத்தா எல்லாரும் கிடாரத்தைச் சுத்தி நிக்கிறம். என்ர பிள்ளை ரண்டு சிரட்டை குடிச்சிட்டுது. நான் ஆரையும் பாக்காமல் சுவரைப் பாத்துக்கொண்டு குடிச்சன்."

பேச்சை வெட்டிவிட்டேன். இந்தக் கதையில் நான் வெட்டியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

(வீரகத்தி அன்று வரிசையின் கடைசியில் போய் நின்றார். ஆண்களை முன்னால் விடுகிற வழக்கத்தை அவரே மறந்தது போல் இருந்தார். அடிக்கிடாரத்தை வழித்துக் கொடுத்ததை வாங்கி, 'அருமையான கஞ்சி' என்று ஒரு சிறு பிரசங்கமும் செய்தார்.)

7

இதைக் கனகலிங்கத்திடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார்.

"எல்லாம் சரி மாஸ்ரர். சிற்றம்பலத்தார் பிழைச்சவரோ? அதைச் சொல்லாமல் மலரிலை போடேலாது. சனம் என்னைத்தான் கேக்கும்."

எழுதிப் பார்த்தேன்.

றெயில் மறுபடி ஓடத் தொடங்கிய அன்று, மெலிந்த ஒரு மனிதர் ஸ்ரேசனில் இறங்கி, சேறு காயாத வரம்பு வழியே—

வாசகர் மகிழ்வார். 'நல்லது செய்தாள், கடவுள் கூலி கொடுத்தார்' என்பார். அப்படியானால் அவள் செய்தது வியாபாரம்.

ஆசுப்பத்திரிச் செய்தி வந்தபோது நாகேஸ்வரி வீட்டுச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த—

வாசகர் பெருமூச்சு விடுவார். 'விரதத்தை விட்டாள், அதுதான்' என்று யாராவது ஒருவர் மனத்துக்குள் சொல்லுவார். அந்த ஒருவருக்காக இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். கனகலிங்கம் கோபிக்கட்டும். சிரட்டையை வாயருகே கொண்டுபோன கணத்தில் அவளுக்கு முடிவு தெரியாது. அவளுக்குத் தெரியாததை உங்களுக்குச் சொல்லி, அந்தக் கஞ்சிக்கு நான் விலை போடமாட்டேன். சிற்றம்பலத்தைக் கடவுளிடம் விட்டுவிடுகிறேன். அன்றைக்கு அவளும் அப்படித்தான் விட்டாள்.

கேட்ட இரண்டு பக்கம் இதோ. தலைமைத்துவம் என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டேன். அது வேண்டுமென்றால் விறாந்தையில் தேடுங்கள். கிடாரத்தில் இன்னும் கஞ்சி இருக்கிறது. வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒருவர், 'எனக்கு விரதம்' என்று சொல்லி ஒதுங்குகிறார். புனிதம் சிரட்டையை உங்களிடம் நீட்டுகிறாள்.

வாய் திறப்பதற்கு முன், உங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.