இரண்டாவது அடி

கொதிக்கும் தொட்டியில் பட்டு நூலைக் கோலால் புரட்டிக்கொண்டிருந்தான் சடையன். சாயப்பட்டறையின் படலைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த ஜெயம், ஈரத்தில் வழுக்கி அவன் காலடியில் விழுந்தாள். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது.

"அண்ணா, அவரு கத்தி எடுத்துகினு வராரு."

அவர் என்றால் தணிகாசலம். அவள் புருஷன், சடையனின் உயிர்ச் சிநேகிதன். பெரணமல்லூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து கூலி வேலை தேடி ஆரணிக்கு வந்த சடையனை, நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளையான தணிகாசலம்தான் இந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டான். வீட்டுக்குள் அழைத்துப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டான். அதற்காகத் தன் அப்பாவிடம் செருப்படியும் வாங்கினான். எமர்ஜென்சி முடிந்த வருஷம் அவனுக்குப் பெண் பார்த்தபோது, ஜெயத்தின் அப்பா சடையனை டீக்கடை ஓரமாக அழைத்து, பையன் குடிப்பானாமே என்று கேட்டார். "நான் கூட இருக்கறங்க. தைரியமா குடுங்க" என்றான் சடையன்.

கூட இருக்கத்தான் செய்தான். சாராயக் கடையிலிருந்து தணிகாசலத்தைத் தோளில் போட்டு வந்து வீட்டில் கிடத்தினான். வாந்தியைக் கழுவினான். ஜெயத்தின் உதடு வீங்கியிருந்த காலைகளில் தரையைப் பார்த்தபடி, "நான் சொல்றம்மா அவங்கிட்ட" என்றான். சொன்னால் தணிகாசலம் இவனைக் கட்டிக்கொண்டு அழுவான். அந்த அழுகையில் சடையனுக்கு மனசு இளகிவிடும். அவள் வீக்கம் வற்றுவதற்குள் தணிகாசலம் மறுபடி குடிப்பான்.

இப்போது வந்த தணிகாசலம் யாரையும் பார்க்கவில்லை. நேரே அவள் தலைமயிரைப் பிடித்துத் தொட்டியை நோக்கி இழுத்தான்.

"உடுடா அவள."

"என் பொண்டாட்டிடா. என் சோத்தத் தின்னவன், நீ இன்னாடா கேக்கறது?"

தொட்டி விளிம்பில் அவள் கை பட்டு, கொதிக்கிற சாயம் தெறித்தது. கத்தி மேலே போயிற்று. சடையன் கோலை ஓங்கி அவன் மணிக்கட்டில் அடித்தான். கத்தி எகிறி விழுந்தது. தணிகாசலம் அவளை விட்டுவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தான். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கோல் மறுபடி உயர்ந்தது. தரையில் ஊன்றியிருந்த அந்த வலது கையின் மேல் முழு பலத்தோடு இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அடுப்பில் விறகு வெடித்ததுபோல் எல்லோருக்கும் கேட்டது. பட்டறையிலிருந்த மற்ற ஆட்கள் ஓடிவந்து சடையனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜெயம் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். கொப்புளம் கிளம்பிய கையை மார்போடு அணைத்திருந்தாள்.

"இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா அண்ணா?" என்றாள்.

சேதி கேட்டு ஓடிவந்த சடையனின் மனைவி கன்னியம்மா ஜெயத்தைத் தாங்கிக்கொண்டு, "பஸ் ஏத்து அவன. இவளுக்கு நான் இருக்கறேன். இனிமே அந்த ஊட்டுக்கு இவள அனுப்ப மாட்டேன்" என்றாள். சடையனின் முகத்தை அவளும் பார்க்கவில்லை.

எலும்பு கட்டுகிறவர் வெம்பாக்கம் பக்கம் இருந்தார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் தணிகாசலம், பக்கத்தில் சடையன். முறிந்த கைக்கு அடியில் ஒரு பலகையை வைத்து, குலுங்காமல் தன் இரண்டு கைகளாலும் ஏந்தியிருந்தான். தறியில் நாடா இழுக்கிற கை அது. இனி இழுக்குமா என்று தெரியாது. பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தணிகாசலம் பல்லைக் கடித்தான். போதை தெளிந்துகொண்டிருந்தது.

"சடையா."

"இன்னா?"

"மொத அடிலயே கத்தி வுழுந்துடிச்சே."

கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்து, இருவரையும் பார்த்து நகர்ந்துபோனார். கொஞ்ச நேரத்தில் தணிகாசலத்தின் தலை வலியிலும் அசதியிலும் சாய்ந்து சடையனின் தோளில் விழுந்தது. சடையனின் முழங்கை வரை அரக்குச் சாயம் காய்ந்திருந்தது. அரிப்பெடுத்தது. பலகையை விடாமல் பிடித்தபடி, தோளையும் அசைக்காமல் உட்கார்ந்திருந்தான்.